அந்த அரைமணி

கழுத்தில் வழிகாட்டி உரிமம் தொங்குகிறது.
புஷ்பவள்ளி என்ற பெயர் வெயிலில் வெளுத்து
‘புஷ்ப’ வரைக்கும்தான் தெரியும்.
காலை ஒன்பதுக்கு
பினாங்கு மணிக்கூண்டடியில் நிற்பேன்.

அறுபதடி உயரம், ராணி ஆண்ட
ஆண்டுக்கு ஓரடி என்று தொடங்கியதுமே
நோர்வேக்காரர் ஒருவர் கை தூக்கினார்:
அதற்குப் பிறகும் ஆண்டாளே,
மிச்ச அடிகள் எங்கே?

கூண்டு சாய்ந்திருப்பது குண்டு விழுந்ததாலா,
கட்டினவன் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டதாலா
என்றாள் ஈப்போ ஆசிரியை.
குண்டு என்கிறார்கள், என்றேன்.
‘என்கிறார்கள்’:
என் தொழிலில் அதிகம் தேயும் சொல்.

கோட்டைக்குப் போகும் வழியில்
அந்தக் கதை கட்டாயம்.
காடு வெட்ட ஆள் வராதபோது
பீரங்கியில் வெள்ளிக்காசு அடைத்துச் சுட்டார்களாம்,
காசு தேடியே ஜனம் காட்டை வெட்டித் தள்ளியதாம்.
எல்லோரும் சிரிப்பார்கள்.
ஹக்கிம் என்றொரு பையன், எட்டு வயதிருக்கும்,
போன வாரம் சிரிக்கவில்லை.
காசு சூடாக இருந்திருக்குமே,
முதலில் எடுத்தவர் கை?

இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
ஒரு கையைக்கூட
நான் அந்தக் கதையில் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக் கூட்டம் வந்தால்
எதிர்க்கரையைக் காட்ட வேண்டும்.
அதுதானே கடாரம்? ஆமாம் என்றதும்
ஆண்களுக்கு மார்பு ஓரங்குலம் விரியும்.
பின்னால் செருப்பைக் கையில் பிடித்து நின்ற
ஓர் அம்மாள் கேட்டாள்:
இத்தனை தூரம் கப்பலில் வந்த படைக்கு
வாந்தி வந்திருக்காதா?
யானையும் வந்திருந்தால்
சாணியை அள்ளிக் கடலில் போட்டது யார்?
மெய்க்கீர்த்தியில் இல்லையம்மா.
இருக்காது, என்றாள்.
அள்ளினவனா கல்லில் வெட்டச் சொன்னான்.

பதில் இல்லாத நேரத்தில்
ஐஸ் கச்சாங் கடையைக் காட்டிவிடுவேன்.
வீட்டில் இருக்கும் கேள்வியிடம் அது பலிக்காது.

என் தம்பி குணாளன்.
எண்பத்தொன்று டிசம்பர் முப்பத்தொன்று இரவு
பதினொன்றரை மணியை
இனிப் பன்னிரண்டு என்றார்கள்.
சபாவும் சரவாக்கும் பார்க்கும் நேரத்தை
நாமும் பார்க்க வேண்டுமாம்.
பெரியாஸ்பத்திரியில் தாதி ஒருத்தி
நாற்காலி மேல் ஏறி முள்ளைத் தள்ளினாள்.
இறங்கிப் பத்து நிமிஷத்தில் தம்பி பிறந்தான்,
பழைய கணக்கில் பழைய வருடம்,
புதிய கணக்கில் புதிய வருடம்.
அதனால் பள்ளிக்கூடமும் ஓராண்டு தாமதம்.

பினாங்கு ஸ்ட்ரீட் ஜோசியர்
எண்ணெய் படிந்த நோட்டைப் புரட்டினார்.
இந்த வருஷத்தில் இருபது நிமிஷம் கூட்டினார்கள்,
ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரம் வைத்தான்,
அதற்கு ஒன்றரை மணி கழிக்க வேண்டும்.
கொடி மாறும்போதெல்லாம் முள் நகர்ந்திருக்கிறது,
சூரியனுக்கு மட்டும்
யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.
சொல்லிக்கொண்டே பழைய நேரத்துக்குக் கட்டம் போட்டார்.

ஆக, அடையாள அட்டையில் ஒரு பிறந்த நாள்,
ஜாதகத்தில் ஒன்று.
பெண் பார்க்கப் போன இடத்தில்
இரண்டையும் சொல்லித் தொலைத்தான்.

நேற்று மாலை என்னைக் கூட்டிப் போக வந்தான்.
மழை. மணிக்கூண்டோரம் ஒதுங்கினோம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
அன்றைக்கு இதற்குள்ளேயும் ஒருத்தன் ஏறி
முள்ளைத் தள்ளியிருப்பான், இல்லையா?
ஏறும்போது பதினொன்றரை.
தள்ளினான்.
ஒரே நிமிஷத்தில் திரும்பி
அதே படியில் இறங்கும்போது
அந்த அரைமணி எங்கே இருந்தது,
மேலேயா, கீழேயா?

பழக்கத்தில் வாயைத் திறந்தேன்.
‘என்கிறார்கள்’ வந்தது.
அதற்கு முன்னால் வைக்க
ஒன்றுமில்லை.

மழை விடட்டும் என்றான்.
மோட்டார் சீட்டைச் சட்டையால் துடைத்தான்,
மறுபடி நனைந்தது.